காசிமேட்டில் ஒரு நம்பிக்கையான மோட்டார் பட்டறை

போன மாதம் எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டும்போது எங்கள் ஃபைபர் போட்டின் மோட்டாரில் எச்சரிக்கை பஸ்ஸர் விடாமல் கத்தியது. வேகமும் தானாக இறங்கியது. உடனே மோட்டாரை நிறுத்திவிட்டோம். மச்சானின் போட்தான் கயிறு கட்டி இழுத்துவந்தது.

முதலில் பார்த்த மெக்கானிக், "சென்சார் கோளாறு, பஸ்ஸர் ஒயரைக் கழற்றிடு" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்புறம்தான் துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் இந்தப் பட்டறைக்குப் போனேன்.

பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "பின்னாடி தண்ணி எப்படி பீச்சுது தம்பி?" மோட்டாரைக் குளிர்வித்துவிட்டு வெளியேறும் தண்ணீர் மெலிதாகத்தான் வந்தது என்றேன். ஆயில் அளவைப் பார்த்தார், சரியாக இருந்தது. தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் பிளாஸ்டிக் பை ஏதும் சிக்கவில்லை. கீழ்ப்பகுதியைக் கழற்றியதும் விஷயம் தெரிந்தது. பம்ப்பில் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரில் இரண்டு இதழ்கள் பிய்ந்திருந்தன. முகத்துவாரத்துச் சேறும் சாம்பலும் ரப்பரை அரித்துவிடும் என்றார். பிய்ந்த துண்டுகள் தண்ணீர் போகும் வழியை அடைக்குமாம். அவற்றைத் தேடி எடுத்த பிறகே புது இம்பெல்லரைப் போட்டார். அந்தப் பொறுமைக்கே கும்பிடலாம். சூடானால் திறந்து தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டில் உப்பு படிந்திருந்தது; அதை வெந்நீரில் போட்டு, திறக்கிறதா என்றும் காட்டினார்.

கூலி நியாயம். பழைய பாகங்களைக் கையில் கொடுத்தார். ஒரே குறை, காலையில் கூட்டம் அதிகம். மதியத்துக்கு மேல் போங்கள்.

இப்போது கடலுக்குப் போய்வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு மோட்டாரை ஓட்டுகிறேன். பீச்சும் தண்ணீர் கனமாக வருகிறது.