ஃபைஃபாக்ஸ் செயலி: விம்கோ நகர் மெட்ரோவில் முடுக்கம் அளக்க எடுபடுமா?

மூன்று இயக்கச் சமன்பாடுகளையும் ஒப்பிக்கிற பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் "இவை எப்போது செல்லாது?" என்று கேட்டால் திருதிருவென முழிக்கும். முடுக்கம் மாறினால் செல்லாது, அவ்வளவுதான். அந்த ஒரு நிபந்தனையைக் கண்ணெதிரே காட்டுவதில்தான், போனின் உணரிகளை வைத்து இயற்பியல் அளவுகள் எடுக்கும் ஃபைஃபாக்ஸ் செயலியின் மதிப்பு. ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2016-இல் வெளிவந்தது. இலவசம், விளம்பரத் தொல்லை கிடையாது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும்.

சோதிக்க வாகான இடம், சென்னையில் 2021-இல் திறந்த வண்ணாரப்பேட்டை–விம்கோ நகர் மெட்ரோப் பாதை. சுங்கச்சாவடி–காலடிப்பேட்டை போல முழுக்க மேம்பாலத்தில் போகிற பகுதியாகப் பாருங்கள். தண்டையார்பேட்டை–புது வண்ணாரப்பேட்டை வேண்டாம். அங்கே வண்டி சுரங்கத்திலிருந்து மேலே ஏறுகிறது, அந்தச் சரிவு அளவைக் குழப்பும். கூட்டம் குறைந்த நடுப்பகல் உத்தமம்.

செயலியில் 'புவியீர்ப்பு நீக்கிய முடுக்கம்' என்ற சோதனையைத் திறந்து, போனைக் காலி இருக்கையில் படுக்க வைத்து, அதன் தலைப்பக்கம் வண்டி போகும் திசையைப் பார்க்க வையுங்கள். இனி போனின் நீளவாக்கில் போகும் ஒய் அச்சின் அளவு மட்டும் போதும். வண்டி நிற்கும்போதே பதிவைத் தொடங்கிவிட வேண்டும். முதல் பத்து விநாடியின் சராசரி சுழியாக இல்லாவிட்டால், அந்த மதிப்பை எல்லா அளவிலிருந்தும் கழித்துவிடுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 0.05 மீ/வி² பிழை அற்பமாகத் தெரியும். ஆனால் திசைவேகம் காண முடுக்கத்தை 60 விநாடி கூட்டிக்கொண்டே போனால் திசைவேகத்தில் 3 மீ/வி, தூரத்தில் 90 மீட்டர் தவறு!

வண்டி கிளம்பியதும் திரையில் முடுக்கத்தைக் காட்டும் கோடு மெல்ல ஏறும். நிற்கிறவர்கள் தடுமாறாமலிருக்க அப்படி ஓட்டுகிறார்கள். பிறகு கொஞ்ச நேரம் மட்டமாக ஓடும், அப்புறம் சரியும். மோட்டாரின் திறனுக்கு வரம்பு உண்டு, திறன் என்பது விசை பெருக்கல் திசைவேகம். வேகம் கூடக் கூட விசை குறைந்தாக வேண்டும். சமன்பாடுகள் செல்லுபடியாவது அந்த மட்டமான துண்டுக்கு மட்டுமே. உதாரணமாக அங்கே 0.8 மீ/வி² பத்து விநாடி நீடித்தால் திசைவேகம் 8 மீ/வி கூடும். கோடு சரிந்த பிறகும் அதே 0.8-ஐப் போட்டுக் கணக்குப் பண்ணினால் விடை உண்மையைவிடப் பெரிதாகத்தான் வரும். பிரேக் போடும்போது கோடு சுழிக்குக் கீழே இறங்கும். எதிர்க்குறி முடுக்கத்தை விளக்க இதைவிடத் தெளிவான படம் எந்தப் பாடநூலிலும் இல்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. விலை குறைந்த சில போன்களில் சுழல் உணரி (போன் திரும்புவதை அளக்கும் கைரோஸ்கோப்) இருக்காது, அதனால் இந்தச் சோதனை திறக்காமல் போகலாம். புவியீர்ப்போடு சேர்த்து அளக்கும் சோதனையை வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் போன் ஒரு பாகை சாய்ந்தாலே 0.17 மீ/வி² பொய் முடுக்கம் சேரும். ஜிபிஎஸ் சோதனையோ சுரங்கத்தில் உதவாது. மேம்பாலத்தில் வேலை செய்யும், ஆனால் பெரும்பாலான போன்களில் விநாடிக்கு ஒரு அளவுதான் வரும்.

வீட்டிலேயே பார்க்க 'ஒலி நிறுத்துக்கடிகாரம்' என்ற சோதனை இருக்கிறது. பலூனில் நூல் கட்டி ஒரு எடையைத் தொங்கவிட்டு, எடையின் அடிப்பக்கம் தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி வைத்துப் பலூனை ஊசியால் உடையுங்கள். வெடிச்சத்தத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கும், எடை தரையில் விழும் சத்தத்தில் நிற்கும். சுமார் 0.505 விநாடி வர வேண்டும். உயரத்தின் இரு மடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி² கிடைக்கும். நேரத்தில் 0.01 விநாடி பிசகினால் விடையில் 4 சதவீதம் பிசகும், நேரம் வர்க்கமாக வருகிறதே. மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்; கடிகாரத்தை ஓடவிடும் ஒலி வரம்பைத் தாழ்வாக வைத்தால் தெருவில் போகிற ஆட்டோ ஹாரனுக்கே கடிகாரம் ஓடிவிடும்.