டெலஸ்கோப் வாங்குமுன் குழாயை அளந்து பாருங்கள்

பிள்ளைகளுக்கு டெலஸ்கோப் வாங்க நினைக்கும் நம்ம காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஆட்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 14,500 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்திருக்கிறேன்.

எங்கள் வீடு பள்ளத்தூரில். நிலா இல்லாத இரவில் மொட்டை மாடிக்கு ஏறினால் நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும். சனியின் வளையத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு இரண்டு வருட ஆசை. மதுரையில் ஒரு கடைக்குப் போனோம். லென்ஸ் வைத்த ரிஃப்ராக்டரா, கண்ணாடி வைத்த ரிஃப்ளெக்டரா என்பதுதான் என் குழப்பம். "அண்ணே, மலிவு லென்ஸ்ல ஓரத்துல ஊதாக் கலர் கசியும். காவலூர் வானாய்வு நிலையத்துல இருக்கிற பெரிய டெலஸ்கோப்பே கண்ணாடிதான். இது 114 மில்லிமீட்டர் வாய், 1000 குவியத் தூரம், 750 மடங்கு பெரிசாக் காட்டும்" என்றார் கடைக்காரர். வாய் என்பது ஒளி நுழையும் முன்பக்கத்தின் அகலம். குவியத் தூரம் என்பது கண்ணாடியிலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம். ஊதாவும் காவலூரும் உண்மை. அதனாலேயே 750 மடங்கையும் நம்பிவிட்டேன்.

நிலா சுமாராகத் தெரிந்தது. சனி, எண்ணெய்க் கை பட்ட கண்ணாடிக்குப் பின்னால் எரியும் விளக்குபோல இருந்தது. ஃபோகஸ் குமிழைத் தொட்டாலே ஸ்டாண்டு ஆடும். படம் நிலைக்க நாலைந்து விநாடி ஆகும். "வளையம் எங்கப்பா?" என்று கேட்டாள். கடைக்குப் போன் செய்தால், "கண்ணாடி அலைன்மென்ட் போயிருக்கும், பின்னாடி ஸ்குரூவைத் திருகுங்க" என்றார்கள். மூன்று இரவு திருகினேன்.

அப்புறம் இயற்பியல் படித்த நண்பர் ஒருவர் வந்து டேப்பை எடுத்துக் குழாயை அளந்தார். அரை மீட்டர்கூட இல்லை. கண்ணாடிகள் மட்டும் வைத்த சாதாரண நியூட்டன் வகை ரிஃப்ளெக்டரில் குவியத் தூரம் 1000 மி.மீ. என்றால் குழாயும் ஏறக்குறைய ஒரு மீட்டர் இருக்கும். கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸை மாட்டும் குழலைக் கழற்றினோம். அடியில் சின்னதாக ஒரு லென்ஸ்! கண்ணாடியின் சொந்தக் குவியத் தூரம் சுமார் 500தான். அந்த லென்ஸ் அதை 1000 ஆக்குகிறது. இந்த அமைப்பைப் பேர்ட்-ஜோன்ஸ் என்பார்கள். மலிவாகச் செய்ததில் அலைன்மென்ட் செய்வது பெரும்பாடு. 750 வந்த வழி: 1000ஐ 4 மி.மீ. ஐபீஸால் வகுத்து, உருவத்தை இன்னும் பெரிதாக்கும் பார்லோ லென்ஸின் 3ஆல் பெருக்கியிருக்கிறார்கள். மில்லிமீட்டரில் வாய் எவ்வளவோ அதைப் போல இரண்டு பங்குதான் தெளிவாகப் பார்க்கக்கூடிய அதிகபட்ச மடங்கு. 114க்கு 228, அதுவும் நல்ல கண்ணாடியாக இருந்தால்.

இன்று வாங்குவதாக இருந்தால் 70 மி.மீ. ரிஃப்ராக்டரை, ஆடாத ஸ்டாண்டோடு வாங்குவேன். அலைன்மென்ட் தொல்லை இல்லை. சனியின் வளையமும் வியாழனின் நாலு பெரிய நிலவுகளும் தெரியும். அவ்வப்போது கண்ணாடியைச் சரிசெய்யப் பொறுமை உள்ளவர்கள் அசல் நியூட்டன் வகையை தரையில் வைத்துத் திருப்பும் எளிய டாப்சோனியன் அடித்தளத்தோடு வாங்கலாம். அதே காசுக்குப் பெரிய வாய் கிடைக்கும்.

கடையில் கேட்டால், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லைக் காட்டினார்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன்.

காசுகூடப் போகட்டும். பெட்டிக்குள் 'சன்' என்று எழுதிய கறுப்புக் கண்ணாடி ஒன்று, ஐபீஸில் திருகுவதற்கு இருந்தது. மகள் பகலில் சூரியனைப் பார்க்க அதை மாட்டிக்கொண்டிருந்தாள். நண்பர் ஓடிப்போய்ப் பிடுங்கினார். வெயில் குவியும் இடத்தில் அது சூடேறி விரிசல் விடும், அந்த நொடியே கண் போய்விடும். சூரியனுக்கான ஃபில்டர் குழாயின் முன்வாயை முழுசாக மூட வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அந்தக் கறுப்பு வில்லை இருந்தால் இன்றைக்கே உடைத்துப் போட்டுவிடுங்கள்.