பழைய ஃபைபர் படகின் டிரான்சம்: ஆறு வருட அனுபவம்

சிங்கப்பூரின் பொங்கோலில் நிற்கும் என் 17 அடி ஃபைபர் படகு 1980களில் செய்தது. வாங்கி ஆறு வருடம் ஆகிறது. அதில் முதல் வருடம் ஏமாந்துபோய்த்தான் ஓட்டினேன்.

எஞ்சினைத் தாங்கும் பின்சுவர்தான் டிரான்சம். வெளியே ஃபைபர், உள்ளே ஒன்றரை அங்குல பிளைவுட். போல்ட் துளையில் தண்ணீர் புகாமல் பூசிய சீலன்ட் உதிர்ந்தால் தண்ணீர் இறங்கிவிடும். இறங்கியது வெளியே வர வழியில்லை. மேலே பாலிஷ் பளபளக்கும், உள்ளே மரம் மக்கும்.

விற்றவர் "டிரான்சம் ஸ்ட்ராங் அண்ணே" என்றார். நானும் 50 காசு நாணயத்தால் தட்டினேன். டக் டக்கென்று நல்ல சத்தம். ஆனால் தட்டியதெல்லாம் மேல் பாதியில். குனிய முதுகு இடம் கொடுக்கவில்லை. என் படகில் மரம் மக்க ஆரம்பித்ததோ அடியில், தண்ணீர் வடியும் துளையைச் சுற்றி. அங்கே தட்டியிருந்தால் சத்தம் மந்தமாகக் கேட்டிருக்கும்.

அடுத்த வருடம் புலாவ் உபின் தீவுப் பக்கம் போய்வந்த அன்று கவனித்தேன்: எஞ்சின் போல்ட்டுகளின் வாஷர்கள் ஃபைபருக்குள் அமிழ்ந்திருந்தன. எஞ்சினைச் சாய்த்து, புரொப்பெல்லர் பக்கம் பிடித்து மேலும் கீழும் அழுத்தினேன். பின்னால் நின்று பார்த்த மனைவி, "சுவரு மூச்சு விடுதுங்க" என்றாள்; அழுத்த அழுத்தச் சுவர் வளைந்து கொடுத்தது. காசு செலவில்லாத இந்தச் சோதனையை வாங்கும் அன்றே செய்திருக்கலாம்.

நண்பரின் ஈரப்பத மீட்டரையும் வைத்துப் பார்த்தேன். ஈரமான மேற்பரப்பு, படகின் அடியில் பூசிய பெயின்ட் எல்லாவற்றுக்கும் அது எகிறியது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சந்தேகம் தீர்த்தது டிரில்தான். வெளித்தோலைத் துளைத்துவிடாதபடி பிட்டில் டேப் சுற்றி அளவு வைத்துக்கொண்டு, உட்பக்கமிருந்து சின்னத் துளைகள் போட்டேன். மேலே காய்ந்த வெளிர் தூள். கீழே ஊறிய புளி மாதிரி கறுப்பாக வந்தது, நாற்றம் வேறு.

உட்தோலை வெட்டி, மக்கியதைச் சுரண்டி எடுத்து, மரைன் பிளைவுட் இரண்டு அடுக்கு எபாக்சி பசையில் ஒட்டினோம். செலவை எழுதப்போவதில்லை, வீட்டிலும் படிக்கிறார்கள்.

இப்போது வருடத்துக்கு ஒருமுறை அடிவரிசை போல்ட் ஒன்றைக் கழற்றி, துளைக்குள் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்து, புது சீலன்ட் வைத்து முடுக்குகிறேன். போன மாதமும் மரம் கெட்டியாகத்தான் இருந்தது. மேல் மூலையில் மட்டும் மயிரிழை விரிசல் ஒன்று. அதன் முனையில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இன்னும் அதைத் தாண்டவில்லை.