'ஹெட் போயிடுச்சு' என்றால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்

பழைய கல்யாண வீடியோ கேசட்டைப் போட்டுப் பார்க்கலாம் என்று பரணிலிருந்து டெக்கை (வி.சி.ஆரை) இறக்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

சென்னை பெரம்பூரில் ஒரு வீட்டு டெக். படம் முழுக்க வெள்ளைப் புள்ளி, சத்தம் மட்டும் சுத்தம். கடையில் "வீடியோ ஹெட் போயிடுச்சு, புதுசுதான் போடணும்" என்று சொல்லி 4,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். மூன்றாம் நாளே மறுபடி அதே புள்ளி. மூடியைத் திறந்து பார்த்தால் ஹெட்டை மாற்றவே இல்லை. அந்த மாடலில், படத்தைப் படிக்கும் ஹெட் பொருத்திய சுழலும் உருளையான டிரம்மின் மேல்பாகத்தை எடுக்க இரண்டு ஸ்குரூவைக் கழற்றி, சால்டரையும் எடுத்தாக வேண்டும். ஸ்குரூத் தலையில் கம்பெனி வைத்த பெயின்ட் உடையவில்லை. சால்டர் மேல் பல வருடத்துத் தூசி அப்படியே படிந்திருந்தது.

சத்தம் சரியாக வந்து படம் மட்டும் திடீரென்று புள்ளியாகிறதா? பெரும்பாலும் ஹெட்டில் அழுக்கு அடைத்திருக்கும். சாதாரண டெக்கில் சத்தத்தைப் படிப்பது அசையாமல் நிற்கும் வேறொரு ஹெட். படத்தைப் படிப்பது நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும் 62 மி.மீ. டிரம்மில் உள்ள ஹெட். தேய்ந்த ஹெட் ஒரே நாளில் போகாது, படம் மாதக்கணக்கில் மெல்ல மங்கும்.

அடைப்பை வீட்டிலேயே எடுக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றுங்கள். பவர் சப்ளை பக்கம் கை போகக் கூடாது; அங்கே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். அச்சடிக்காத வெள்ளைத் தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனையுங்கள். செல்போன் பழுது பார்ப்பவர்கள் ஐ.பி.ஏ. என்று கேட்டு வாங்குவது இதைத்தான், சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். தாளை டிரம்மின் பக்கவாட்டில் லேசாக ஒட்டிப் பிடித்து, மறு கையால் டிரம்மின் மேல்விளிம்பைத் தொட்டு மெதுவாகப் பத்து சுற்று சுற்றுங்கள். டிரம்தான் சுற்ற வேண்டும், தாள் அசையவே கூடாது. மேலும் கீழும் தேய்த்தால் ஹெட்டின் ஃபெரைட் முனை உடைந்துவிடும், அப்புறம் நிஜமாகவே ஹெட் போய்விடும். காது குடையும் பஞ்சுக் குச்சியும் வேண்டாம், நார் முனையில் மாட்டி இழுக்கும். தாளில் பழுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும்வரை தாளை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அரை மணி நேரம் காயவிட்டுத்தான் கேசட் போட வேண்டும். ஈர டிரம்மில் நாடா ஒட்டிக்கொள்ளும்.

கடையில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. மூடியைக் கழற்றி, வாசல் வெயில் படும் மேசையில் வைத்து, "பாருங்க, கேசட்டையே ஏத்துக்க மாட்டேங்குது, போர்டும் போச்சு" என்று காட்டியிருக்கிறார்கள். நாடா முடிந்துவிட்டதா என்று டெக் அறிவது அகச்சிவப்பு ஒளியை வைத்து. நாடாவின் இரு முனையும் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், ஒளி அதன் வழியாகப் போய் சென்சாரில் விழுந்ததும் டெக் நின்றுவிடும். வெயில் நேராக சென்சாரில் விழுந்தாலும் அதே கதைதான். கறுப்புத் துணியைப் போட்டு மூடிப் பாருங்கள், பல டெக் ஓடிவிடும்.

சில வினாடி ஓடி நின்றுவிட்டாலோ நாடாவைத் தின்றாலோ, முதலில் சந்தேகப்பட வேண்டியது ரீலைச் சுற்றும் ஐட்லர் ரப்பரை. அது வழுக்குகிறது. வழவழப்பான ரப்பர் வளையத்தைக் கழற்றி உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டால் கொஞ்ச நாள் தாங்கும், அதற்குள் புது வளையம் தேடிக்கொள்ளலாம்.

பெரம்பூர் டெக் மூன்றே நாளில் மறுபடி அடைத்ததற்குக் காரணம் கேசட். சென்னைப் புழுக்கத்தில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். கேசட் ஜன்னல் வழியாகப் பாருங்கள், சுற்றின் ஓரத்தில் மாவு தூவியது போல இருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் போட்டால் ஹெட் அடைக்கும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் ஒட்டும். ஆகவே சோதனை பார்க்க வீட்டுக் கேசட்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தூக்கிப் போடக்கூடிய ஏதாவது கேசட்டைக் கொண்டு போங்கள்.

'புது ஹெட்' என்று சொன்னாலே கேள்வி கேளுங்கள். கடைசிவரை டெக் செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையிலேயே நிறுத்திவிட்டது. இன்று கிடைப்பது பழைய இருப்பு, இல்லையென்றால் வேறொரு டெக்கில் கழற்றியது. கொடுக்கும் முன் டிரம்மின் தலையைப் போட்டோ எடுத்து, ஸ்குரூ பக்கத்தில் மார்க்கரால் சிறு புள்ளி வையுங்கள். கழற்றிய பழைய ஹெட்டைத் திருப்பித் தந்தால்தான் பணம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பெரம்பூர் டெக் தாளும் ஆல்கஹாலும் வைத்துத் துடைத்ததில் ஓடுகிறது. கடையில் போட்டுப் பார்த்த கல்யாணக் கேசட்டில்தான் ஒரு அடி நாடா கசங்கிவிட்டது. வினாடிக்கு 2.34 செ.மீ. ஓடும் நாடாவில் அது 13 வினாடி. தாலி கட்டும் இடம் அது.