பட்டு விரிப்பும் ஒரு சொட்டுத் தண்ணீரும்

பட்டு விரிப்பு, தலையணை உறையெல்லாம் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா, வீட்டிலேயே துவைத்துக்கொள்ள முடியுமா என்று தோழி ஒருத்தி கேட்டாள். போனில் சொல்ல ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனது. எழுதியே விடுகிறேன். என்னிடம் இருப்பது மல்பெரி பட்டு. துணியின் எடை 22 மோமே (பட்டுக்கான எடைக் கணக்கு), அதாவது சதுர மீட்டருக்கு 95 கிராம் சொச்சம். கரும்பச்சையில் ஒரு மெத்தை விரிப்பு, தந்த நிறத்தில் தலையணை உறைகள், பட்டு இழை அடைத்த போர்வை ஒன்று. எல்லாமே வருடக்கணக்கில் புழங்கியவை.

துவைப்பதைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். அது வீண் பயம். பட்டும் நம் தலைமுடி மாதிரி புரதம்தான். அதற்குக் காரம் ஆகாது, புரதத்தைத் தின்னும் நொதியும் ஆகாது. துணி துவைக்கும் கட்டிச் சோப்பில் காரம் அதிகம். கறையை விரட்டும் சலவைத்தூள்கள் பலவற்றில் புரோட்டியேஸ் என்ற நொதி இருக்கும். ரத்தக்கறையையும் முட்டைக்கறையையும் எப்படி அரித்து எடுக்கிறதோ, அப்படியே பட்டையும் அரிக்கும். ஒரு துவைப்பில் தெரியாது. போகப் போகப் பளபளப்பு செத்து, தொட்டால் சொரசொரக்கும். குளோரின் ப்ளீச் பக்கமே போகக்கூடாது, அது பட்டைக் கரைத்தே விடும்.

பட்டு, கம்பளிக்கென்று விற்கும், காரமில்லாத நடுநிலைச் சலவைத் திரவம் கொஞ்சம், 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீர், சில நிமிஷம் ஊறல், மெதுவாக அலசல். அவ்வளவுதான். கும்முவது, கசக்குவது, பிரஷ் போடுவது எதுவும் வேண்டாம். ஈரமான பட்டுக்குக் காய்ந்த பட்டின் பலம் கிடையாது, அதனால் முறுக்கிப் பிழியவும் கூடாது. பெரிய துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் ஈரம் போய்விடும். மெஷினில் போடுவதானால் உள்பக்கம் வெளியே திருப்பி, வலைப்பையில் போட்டு, டெலிகேட் ஓட்டத்தில், சுழற்சியைக் குறைத்துப் போடலாம். ஜிப் வைத்த துணி கூட இருந்தால் வலைப்பை இருந்தும் பிரயோஜனமில்லை, இழை இழுபட்டுவிடும். உப்புத் தண்ணீர் என்றால் கடைசி அலசலுக்கு முந்தைய வாளியில் ஒரு ஸ்பூன் வெள்ளை வினிகர். துணியில் தங்கிய சோப்புப் பிசுக்கு கழன்று பழைய மென்மை திரும்பும். நிழலில் காயப்போட வேண்டும். வெயில் பட்டால் வெளிர்நிறப் பட்டு மஞ்சளாகும், இழையும் இற்றுப்போகும்.

இப்போது என் ரத்தக் கொதிப்புக்கு வருகிறேன். இவ்வளவு சமர்த்தாக வாளித் தண்ணீரில் முங்கி எழும் இந்தத் துணி, ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரைத் தாங்காது.

தலைக்குக் குளித்துவிட்டு வந்து விரிப்பில் உட்கார்ந்தால் முடி நுனியிலிருந்து ஒரு சொட்டு விழும். விழும்போது ஒன்றும் தோன்றாது. காய்ந்த பிறகு பாருங்கள், நாணய அளவில் ஒரு வட்டம். நடுவில் துணி துணியாகவே இருக்கும். விளிம்பில் மட்டும் பென்சிலால் போட்டது போல மெல்லிய வெளிர்கோடு. துணியில் மிச்சமிருக்கும் ஃபினிஷையும் (நெய்த பிறகு போடும் மெருகுப் பூச்சு) தண்ணீரில் இருக்கும் உப்பையும் சொட்டு பரவும்போது ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறது, காயும்போது அங்கேயே விட்டுவிடுகிறது. ஈரத்துணியால் துடைத்தால் போகுமா? அந்த வட்டம் போய் இன்னும் பெரிய வட்டம் வரும். மொத்த விரிப்பையும் நனைத்து ஒரே சீராகக் காயவிட்டால்தான் தீரும். ஒரு சொட்டுக்கு ஒரு முழு விரிப்பு!

இதில் உச்சம் இஸ்திரி. துவைத்து, உலர்த்தி, எல்லாம் முடிந்து கடைசி மூலையைத் தேய்க்கும்போது நீராவி இஸ்திரிப்பெட்டி பளிச்சென்று இரண்டு சொட்டு துப்பும். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இல்லாமல் இருப்பது நல்லது. நான் கண்டுகொண்ட வழி, துணி லேசான ஈரத்தோடு இருக்கும்போதே எடுத்து, நீராவியை அணைத்துவிட்டு, குறைந்த சூட்டில் உள்பக்கமாகத் தேய்ப்பதுதான். முழுக்கக் காய்ந்துவிட்டால் மேலே தண்ணீர் தெளித்துத் தேய்க்கிற வழக்கத்தை மறந்துவிடுங்கள்.

விரிப்போடு வந்த பராமரிப்புச் சீட்டில் எதையெதையோ எழுதியிருந்தார்கள், இதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. சரி, நியாயமாகவும் பேச வேண்டும். துவைக்கத் துவைக்க ஃபினிஷ் போய், இப்போது வட்டங்கள் முன்பைவிட மங்கலாகத்தான் விழுகின்றன. தந்த நிற உறைகளில் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கரும்பச்சையில்தான் ஊருக்கே தெரிகிற மாதிரி நிற்கும்.

மற்ற குறைகள் எனக்குப் பெரிதாகப் படவில்லை. பென்சாயில் பெராக்சைடு கலந்த பரு க்ரீம் பூசிக்கொண்டு படுத்தால் சாயம் வெளுக்கும், ஆனால் அது பருத்தியிலும் நடக்கிறதுதான். வியர்வை உப்பு பட்டைப் பலவீனமாக்கும் என்பதால் உறைகளை வாராவாரம் துவைத்தே ஆக வேண்டும். மெத்தைக்கு இழுத்துப் பிடிக்கிற அளவில் விரிப்பு வாங்கினால் தையல் ஓரத்தில் இழை விலகி வாய் பிளக்கும், கொஞ்சம் தாராளமாகவே வாங்க வேண்டும். போர்வையைத் தண்ணீரில் போடவே கூடாது, உள்ளே இருக்கும் இழை திரண்டுவிடும். மேலுறையை மட்டும் துவைத்து, போர்வையை நிழலில் காற்றாட விட்டால் போதும்.

சுகம்? அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். படுத்த நிமிஷம் உடம்பில் ஒரு குளுமை ஏறும். காலையில் முடியில் சிக்கு இருப்பதில்லை. புழுக்கத்தில் மற்ற விரிப்புகள் முதுகில் ஒட்டும்போது இது ஒட்டாது. வெளியூர் போய்ப் படுத்தால் எனக்கு முதலில் நினைவு வருவது இந்த விரிப்புதான்.

ஆனாலும் தோழியிடம் விரிப்பு வேண்டாம் என்றுதான் சொன்னேன். நேற்றுத்தான் ஒரு வட்டத்துக்காக மறுபடி முழுசையும் நனைத்தேன், அந்தக் கடுப்பு இன்னும் ஆறவில்லை. அப்படியானால் உன்னுடையதை எனக்குக் கொடுத்துவிடு என்றாள். அதெப்படிக் கொடுப்பேன்? ஆசை விடவில்லையென்றால் தலையணை உறை மட்டும் வாங்கிக்கொள். தந்த நிறமோ வெள்ளையோ. அடர் நிறத்தைப் பாதி விலைக்குத் தந்தாலும் தொடாதே.