சர்க்கரை சேர்க்காத பழ, நட்ஸ் பேக்கிங்: எது நிலைத்தது, எது நிற்கவில்லை

சர்க்கரை, தேன், சிரப் எதுவும் இல்லாமல், பழத்தையும் நட்ஸையும் மட்டும் நம்பி பேக் செய்ய ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. இன்றும் விடாமல் செய்கிறேன். ஆனால் "சர்க்கரைக்குப் பதில் பேரீச்சம்பழம் போடுங்கள், வித்தியாசமே தெரியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வித்தியாசம் நன்றாகவே தெரியும். மென்று சாப்பிடும் பார் வகைகளில் அது நமக்குச் சாதகம். மஃபினில் சமாளிக்கலாம். மொறுமொறு பிஸ்கட்டில் நடக்கவே நடக்காது.

சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இருப்பதில்லை. பிஸ்கட் மாவில் அது உருகிப் பரவி, ஆறும்போது இறுகுகிறது. அந்த மொறுமொறுப்பின் பாதி அதுதான். பேரீச்சை விழுதிலோ மசித்த வாழைப்பழத்திலோ தண்ணீரும் நார்ச்சத்தும் சேர்ந்தே வருவதால் மாவு பரவாது, இறுகாது. வைத்த உருண்டை வைத்தபடியே வெந்து, உள்ளே மெத்தென்று நிற்கும். சுவை மோசமில்லை, ஆனால் அதை பிஸ்கட் என்று சொல்லிக் கொடுத்தால் வாங்கியவர் முகம் மாறும். நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

நிலைத்து நின்றது ஓட்ஸ் பார். 200 கிராம் ரோல்டு ஓட்ஸ், கொட்டை நீக்கிய பேரீச்சை 200 கிராம், அதை ஊறவைக்க 100 மில்லி வெந்நீர், வறுத்து உடைத்த பாதாமும் வால்நட்டும் சேர்த்து 150 கிராம், இரண்டு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெய், கால் தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் பட்டைத்தூள். இவ்வளவுதான். 20 சென்டிமீட்டர் சதுர ட்ரேயில் அழுத்தி, 160 டிகிரியில் சுமார் 25 நிமிடம்.

இதில் கவனம் வேண்டிய இடம் பேரீச்சை. வெந்நீரில் கால் மணி நேரமாவது ஊறட்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதோடேயே அரைக்க வேண்டும், இனிப்பில் ஒரு பங்கு அதில் இறங்கியிருக்கும். ஊறாத பழத்தை மிக்ஸியில் போட்டால் பிளேடைச் சுற்றி ஒரே கட்டியாகப் பிடித்துக்கொண்டு மோட்டார் முனகும். விழுது கரண்டியிலிருந்து வழியக் கூடாது, தொங்கி நின்று மெதுவாக விழ வேண்டும். வழிந்தால் பார் பிசுபிசுக்கும், ரொம்பக் கெட்டியானால் ஓட்ஸைப் பிடிக்காமல் உதிரும். ட்ரேயில் கொட்டியபின் ஒரு தட்டையான டம்ளரின் அடியை ஈரமாக்கி, ஓரங்களையும் விடாமல் பலமாக அழுத்துங்கள். கத்தி வைக்கும்போது உதிர்கிறது என்பவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் கையைத் தளர்த்துகிறார்கள். அப்புறம், சூட்டோடு வெட்டவே கூடாது. முழுக்க ஆறி, ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் இருந்தபின் வெட்டினால் துண்டுகள் நேராக வரும்.

வெப்பநிலை ஏன் 160? பழத்திலுள்ள ஃபிரக்டோஸ் சுமார் 110 டிகிரியிலேயே நிறம் மாறத் தொடங்கும். வெள்ளைச் சர்க்கரைக்கு அது 160 டிகிரி வாக்கில்தான். அதனால் வழக்கமான 180 வைத்தால் மேல்புறம் கறுத்தும் நடுப்பகுதி ஈரமாகவும் இருக்கும். உலர் திராட்சையும் போடுவதாக இருந்தால், மேலே துருத்தி நிற்கும் திராட்சைதான் முதலில் கருகிக் கசக்கும். அதைப் பத்து நிமிடம் ஊறவைத்துக் கலவைக்குள் அமுக்கிவிட்டால் தொல்லை இல்லை.

நட்ஸைத் தனியாக வறுக்கும் வேலையைத் தவிர்க்கப் பலர் பார்க்கிறார்கள். ஈரமான கலவைக்குள் புதைந்த பாதாம் வறுபடாது, அவிந்துதான் போகும். 160 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் தனியே வறுத்தால் வரும் வாசனை, குறைந்துபோன இனிப்பைப் பாதி ஈடுகட்டிவிடும். உப்பும் பட்டையும் செய்வதும் அதே வேலைதான். பட்டையில் இனிப்பு இல்லை, ஆனால் இனிப்பு இருப்பதாக நாக்கை நம்பவைக்கும்.

சரி, ஆரோக்கியமா? இங்கே கொஞ்சம் நேர்மை வேண்டும். பேரீச்சையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. மேலே சொன்ன அளவை 16 துண்டாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் சுமார் 8 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி அளவு சர்க்கரை இருக்கும். நட்ஸின் கொழுப்பையும் சேர்த்தால் துண்டுக்கு 150 கலோரி வரும். நார்ச்சத்து இருப்பதால் ஒன்றிரண்டோடு வயிறு நிறைகிறது, அந்த லாபம் உண்மை. ஆனால் "சர்க்கரை சேர்க்காதது" என்றால் "சர்க்கரையே இல்லாதது" என்று நினைத்து, நீரிழிவு உள்ளவருக்குக் கணக்கில்லாமல் கொடுப்பது ஆபத்து. பேரீச்சை சிரப், ஆப்பிள் ஜூஸ் கான்சென்ட்ரேட் ஊற்றிவிட்டு "இயற்கை இனிப்பு" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. உலக சுகாதார நிறுவனம் தன் 2015 வழிகாட்டுதலில் தேன், சிரப், பழச்சாறு ஆகியவற்றின் இனிப்பையும் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் வைத்திருக்கிறது.

உலர் பழம் வாங்கும்போதும் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். கிரான்பெரி தானாகவே கடும் புளிப்பு, அதனால் உலர்ந்த கிரான்பெரியில் அநேகமாக எப்போதும் சர்க்கரை ஏற்றியிருப்பார்கள். பளபளவென்று கட்டம் கட்டமாக வரும் அன்னாசி, பப்பாளியும் பெரும்பாலும் அப்படித்தான். பளிச்சென்ற ஆரஞ்சு நிற ஆப்ரிகாட்டில் நிறம் மங்காமல் காக்கும் சல்பர் டையாக்சைடு இருக்கும், அது சேராதது பழுப்பாக இருக்கும். பார்க்கச் சுமார், சுவையில் எனக்குப் பழுப்புதான் பிடிக்கும்.

வாழைப்பழ மஃபினுக்கு ஒரே நிபந்தனை: தோல் முக்கால்வாசி கறுத்திருக்க வேண்டும். பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால், மஞ்சள் பழத்தில் செய்ததற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. செய்த அன்று அருமை, மறுநாள் பரவாயில்லை, மூன்றாம் நாள் வெளியே வைத்திருந்தால் பூஞ்சை பிடிக்கவும் வாய்ப்புண்டு. தண்ணீரைப் பிடித்துவைத்துக் கிருமியைத் தடுத்த சர்க்கரைதான் இதில் இல்லையே. எனவே ஃபிரீசர் இல்லாதவர்களுக்கு இந்த மஃபினை நான் பரிந்துரைக்க மாட்டேன். பார் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். இரண்டையும் தாள் இடையிட்டு ஃபிரீசரில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் கவலையில்லை. மிச்ச வால்நட்டும் அங்கேதான் இருக்க வேண்டும், அதன் எண்ணெய் சீக்கிரம் காறிவிடும்.

கடைசியாக ஒன்று. மஃபினில் சூரியகாந்தி விதையும் பேக்கிங் சோடாவும் சேர்ந்தால், ஆறியபின் உள்ளே பச்சைப் பச்சையாகத் தெரியும். அது பூஞ்சை இல்லை. விதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவின் காரத்தோடு சேர்ந்து காட்டும் நிறம், சாப்பிடலாம். பிடிக்கவில்லை என்றால் சோடாவைக் குறைத்துக் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விடுங்கள், அல்லது பூசணி விதைக்கு மாறிவிடுங்கள்.