மிக்ஸர் வேண்டுமா, இன்டர்ஃபேஸ் மட்டும் போதுமா? வீட்டில் பாட்டு ரெக்கார்டிங் செய்பவர்களுக்கு

வீட்டில் ரெக்கார்டிங் ஆரம்பிக்கிற பலருக்கும் முதலில் கண்ணில் படுவது மிக்ஸர்தான். மேலே வரிசை வரிசையாகக் குமிழ்கள், கீழே ஃபேடர்கள். பார்த்ததுமே ஸ்டுடியோ வந்துவிட்ட மாதிரி இருக்கும். நானும் யுஎஸ்பி உள்ள 12 சேனல் மிக்ஸர் ஒன்றோடுதான் ஆரம்பித்தேன். அப்புறம் இரண்டு மைக், இரண்டு லைன் இன்புட் (கீபோர்டு, மிக்ஸர் போன்றவற்றைச் செருகும் இடம்) உள்ள சின்ன இன்டர்ஃபேஸ் ஒன்றை, அதாவது ஒலியைக் கணினிக்கு அனுப்பும் பெட்டியை வாங்கி, மிக்ஸரை அதோடு இணைத்து வேலை செய்தேன். கடைசியில் 8 மைக் இன்புட் உள்ள இன்டர்ஃபேஸுக்கு மாறி, மைக் பாதையிலிருந்து மிக்ஸரை எடுத்தே விட்டேன். மூன்று விதமாகவும் பாட்டுப் பதிவு செய்து பார்த்ததில் என் முடிவு இது: கணினியில்தான் மிக்ஸ் செய்யப்போகிறீர்கள் என்றால், பணத்தை இன்புட் அதிகம் உள்ள இன்டர்ஃபேஸில் போடுங்கள்.

ஒலித்தரத்தை வைத்து இரண்டையும் பிரிக்கத் தேவையில்லை. இன்றைக்கு வரும் சாதாரண மிக்ஸரிலும் இன்டர்ஃபேஸிலும் உள்ள மைக் ப்ரீஆம்ப்கள், அதாவது மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் பகுதிகள், வீட்டு வேலைக்குத் தாராளம். அறையில் ஓடும் ஃபேனின் சத்தம் அவற்றின் இரைச்சலைவிடப் பெரிது. கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டும் இரண்டிலும் கிடைக்கும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி உள்ள சில மிக்ஸர்கள், குறிப்பாகப் பழையவை, 16 பிட்டில்தான் கணினிக்கு அனுப்பும் (பிட் என்பது ஒலியை எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது என்ற கணக்கு). 24 பிட் என்றால் லெவலைத் தாழ்வாகவே வைத்துப் பதிவு செய்யலாம். சராசரி −18 டிபி அருகே நின்றால் போதும், பாடுகிறவர் திடீரென்று உச்சத்துக்குப் போனாலும் ஒலி உடையாது. 16 பிட்டில் அவ்வளவு தாராளமாக இருக்க முடியாது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கணினிக்குள் எத்தனை டிராக் தனித்தனியாகப் போய்ச் சேருகிறது? மிக்ஸர் பெட்டியின் மேல் 12 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது மிக்ஸரில் செருகக்கூடிய சேனல் கணக்கு. யுஎஸ்பி வழியாகப் போவது பெரும்பாலான மிக்ஸர்களில் இரண்டே இரண்டு, அதாவது மெயின் மிக்ஸின் இடதும் வலதும். யமஹா எம்ஜி10எக்ஸ்யு 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற கணக்கு) வரை போகிற நல்ல மிக்ஸர். அதிலும் கணினிக்குப் போவது ஒரு ஸ்டீரியோ ஜோடிதான். வாங்குமுன் விவரத்தாளில் ‘யுஎஸ்பி 2 இன் 2 அவுட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்காமல் வாங்கினேன்.

அதன் விளைவு ஒரு மாலையில் தெரிந்தது. நான்கு பேர் சேர்ந்து ஒரு பாட்டைப் பதிவு செய்தோம். குரலுக்கு ஒரு மைக், காஹோனுக்கு (கையால் தட்டும் பெட்டி வடிவத் தாள வாத்தியம்) ஒரு மைக், கிட்டாரும் கீபோர்டும் நேராக மிக்ஸரில். காஹோன் எனக்குப் பக்கத்திலேயே அதிர்ந்துகொண்டிருந்தது. ஹெட்ஃபோனையும் மீறி அந்தச் சத்தம் காதில் விழுந்ததால் அதன் ஃபேடரைக் குறைத்தே வைத்தேன். மறுநாள் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டால் தாளம் எங்கோ பின்னால் கிடக்கிறது. இரண்டாவது சரணத்தில் கீபோர்டு குரலை அமுக்குகிறது. கீபோர்டை 2 டிபி இறக்கி, காஹோனைக் கொஞ்சம் ஏற்றினால் தீர்ந்துபோகிற குறைதான். ஆனால் எல்லாம் ஒரே ஸ்டீரியோ ஃபைலில் கலந்து கிடந்தன. கீபோர்டு இருக்கிற பகுதியை ஈக்யூவில் (கீழ், நடு, மேல் ஒலிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் கருவி) வெட்டினால் குரலின் கனமும் சேர்ந்து போனது. மூன்று நாள் போராடிவிட்டு எல்லோரும் மறுபடி கூடினோம். பாட்டு நன்றாகவே வந்தது. ஆனால் முதல் நாள் அந்தச் சரணத்தின் கடைசி வரியில் பாடியவர் குரலை இழுத்து மெல்ல இறக்கிய விதம் மறுபடி வரவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

குரலையும் வாத்தியத்தையும் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் இப்போது இருக்கின்றன. அந்த ஃபைலில் முயன்றும் பார்த்தேன். குரலின் ஓரங்களில் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு ஒலி ஒட்டிக்கொண்டது. தனி டிராக்குக்கு அது ஈடாகாது.

ஒவ்வொருவராகப் பதிவு செய்தால் இரண்டு டிராக் போதுமே என்று கேட்கலாம். போதும்தான், ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. முதலில் பதிவு செய்த கிட்டார், பாடுகிறவர் கேட்பதற்காகக் கணினியிலிருந்து மிக்ஸருக்குத் திரும்பி வரும். அது மெயின் மிக்ஸில் கலந்தால், குரல் டிராக்கிலேயே கிட்டாரும் மறுபடி பதிவாகிவிடும். யுஎஸ்பியில் திரும்பி வருவதை ஹெட்ஃபோனுக்கு மட்டும் அனுப்புகிற பட்டன் சில மிக்ஸர்களில் இருக்கும். வாங்கும்போது அதைத் தேடுங்கள். ஏற்கெனவே ஸ்டீரியோ மிக்ஸர் கையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி, ஒலியை இடம் வலமாகத் திருப்பும் பான் குமிழ். குரலை முழுக்க இடப்பக்கம், மற்றதையெல்லாம் முழுக்க வலப்பக்கம் திருப்பிப் பதிவு செய்தால், பிறகு பிரித்துக்கொள்ள இரண்டு மோனோ டிராக்காவது மிஞ்சும். குரல் தனியாக இருந்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

மிக்ஸரையும் இன்டர்ஃபேஸையும் சேர்த்து வைத்தால்? மெயின் அவுட்டை இன்டர்ஃபேஸில் செருகுவதால் டிராக் எண்ணிக்கை கூடாது, அதே இரண்டுதான். செருகுவதாக இருந்தாலும் லைன் இன்புட்டில் செருகுங்கள். மைக் இன்புட்டில் போட்டால், மிக்ஸர் ஏற்கெனவே பெரிதாக்கிய சிக்னலை இன்னொரு ப்ரீஆம்ப் மறுபடி பெரிதாக்கி உடைத்துவிடும். தனித்தனி டிராக் வேண்டுமென்றால் சேனலுக்கு ஒரு டைரக்ட் அவுட், அதாவது அந்தச் சேனலை மட்டும் வெளியே அனுப்பும் ஜாக் வேண்டும். அது இல்லாத மிக்ஸர்களில், வெளிக் கருவி ஒன்றைச் சேனலின் நடுவில் இணைப்பதற்கான இன்சர்ட் ஜாக்கைப் பயன்படுத்துவார்கள். சாதாரண மோனோ பிளக்கை முதல் ‘க்ளிக்’ வரை மட்டும் உள்ளே தள்ளினால், மிக்ஸர் பாதை அறுபடாமலே அந்தச் சேனலின் சிக்னல் இன்டர்ஃபேஸுக்குப் போகும்.

நானும் சில மாதம் அப்படித்தான் ஓட்டினேன். பிளக் பாதி உள்ளே, பாதி வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். யாராவது கேபிளைக் காலால் உரசினால் அரை மில்லிமீட்டர் நகரும். கரகரவென்று ஒரு சத்தம், அதோடு அந்த டேக் முடிந்தது. இன்சர்ட், வெளி இரைச்சலைத் தள்ளிவிடும் பேலன்ஸ்டு இணைப்பும் கிடையாது. நீளமான கேபிள் போட்டால் மின்சார ‘ஹம்’ எளிதாக ஏறும். மேசையில் சார்ஜரில் ஓடும் லேப்டாப், மிக்ஸர், இன்டர்ஃபேஸ் மூன்றும் இருந்தபோது எந்தப் பக்கத்திலிருந்து ஹம் வருகிறது என்று தேடுவதிலேயே பல மாலைகள் போயின.

அந்த வேலையின் நடுவில்தான் ஒன்று உறைத்தது. பல மிக்ஸர்களில் இன்சர்ட், ஈக்யூவுக்கும் ஃபேடருக்கும் முன்னாலேயே சிக்னலை எடுத்துக்கொடுத்துவிடும். அப்படியானால் அத்தனை பெரிய பெட்டியில் நான் பயன்படுத்துவது ப்ரீஆம்பின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழை மட்டும்தானே! அதே வேலையை 8 ப்ரீஆம்ப் உள்ள இன்டர்ஃபேஸ் ஒரே கேபிளில் செய்துவிடுகிறது. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20, பெரிங்கர் யுஎம்சி1820 இரண்டிலும் 8 மைக் ப்ரீஆம்ப் இருக்கின்றன. பின்னால் போதாமல் போனால் அடாட் என்ற ஆப்டிகல் கேபிள் இணைப்பில் இன்னொரு பெட்டியைச் செருகி இன்னும் 8 சேனல் சேர்க்கலாம். அந்த 8 என்பது சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ் வரை இருந்தால்தான், 96 கிலோஹெர்ட்ஸில் 4 ஆகிவிடும்.

இங்கே ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். எல்லாச் சேனலையும் தனித்தனியாகக் கணினிக்கு அனுப்பும் மிக்ஸர்களும் உண்டு. டாஸ்காம் மாடல் 12, சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே போன்றவை. அந்த வகையை நான் நண்பர் ஒருவரின் ஒத்திகைகளில் இரண்டு முறைதான் தொட்டிருக்கிறேன், தினமும் வைத்து வேலை செய்ததில்லை. தொட்ட அளவில் எனக்குப் பிடித்திருந்தது. மேடையிலும் வாசித்து, அதை அப்படியே பதிவும் செய்கிற குழுவாக இருந்தால் நானே அதைத்தான் சொல்வேன்.

மிக்ஸர் உண்மையாகவே ஜெயிக்கிற இடம் ஹெட்ஃபோன். பாடுகிறவருக்குத் தன் குரல் தாமதமில்லாமல் கேட்க வேண்டும். கணினி வழியாகப் போய் வந்தால் தாமதம் வரும். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலித்துண்டு) என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட், போக, வர, கன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்தால் இரண்டு மடங்குக்கும் மேல் போகும். கிட்டார்காரர் இதைப் பொருட்படுத்த மாட்டார். 10 மில்லிசெகண்ட் என்பது ஸ்பீக்கரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். பாடகருக்கு அப்படி இல்லை. அவர் குரல் எலும்பு வழியாக உடனே காதுக்குப் போய்விடுகிறது. தாமதமாக வரும் குரல் அதோடு மோதி, டப்பாவுக்குள் பாடுகிற மாதிரி ஆகிவிடும். மிக்ஸரில் இந்தத் தொல்லையே கிடையாது. ஆக்ஸ் சென்ட் (மெயின் மிக்ஸைத் தொடாமல் இன்னொரு மிக்ஸை வெளியே அனுப்பும் வழி) வழியாக ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஹெட்ஃபோன் மிக்ஸும் கொடுக்கலாம்.

இன்டர்ஃபேஸில் இதற்குப் பதில் டைரக்ட் மானிட்டரிங். குரல் கணினிக்குள் போகாமலே ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். ஆனால் வறண்ட குரலாக வரும். ரிவெர்ப் (கூடத்தில் பாடுகிற மாதிரி எதிரொலி சேர்ப்பது) இல்லாமல் பலருக்குப் பாட வராது. நான் செய்வது இது: கணினியில் குரலின் நேரடி ஒலியை ஹெட்ஃபோனுக்கு விடாமல், ரிவெர்பின் ஈர ஒலியை மட்டும் திருப்பி அனுப்புகிறேன். ரிவெர்ப் சில மில்லிசெகண்ட் தாமதமாக வந்தால் எந்தக் காதுக்கும் தெரியாது, அறையின் எதிரொலி எப்படியும் தாமதமாகத்தானே வரும். பாடகருக்கு நிம்மதி, பதிவாகும் டிராக்கோ சுத்தமான குரல்.

பராமரிப்பில் இரண்டுக்கும் வெவ்வேறு கவலை. மிக்ஸருக்கு எதிரி தூசி. துணி போட்டு மூடாமல் விட்டால் ஃபேடர்கள் கரகரக்க ஆரம்பிக்கும்; கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பல முறை மேலும் கீழும் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். இருபது வருடப் பழைய மிக்ஸர்கூட அப்படியே வேலை செய்யும். இன்டர்ஃபேஸுக்கு வெளியே தேய்மானம் குறைவு, ஆனால் டிரைவர் நின்றால் அதுவும் நின்றுபோகும். ஃபயர்வயர் இன்டர்ஃபேஸ்கள் அப்படித்தான் நல்ல நிலையிலேயே ஓரங்கட்டப்பட்டன. அதனால் தனி டிரைவர் இல்லாமலே ஓடும் கிளாஸ் கம்ப்ளையன்ட் வகையாகப் பார்த்து வாங்குங்கள். விண்டோஸில், தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவரும் கூடவே வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என் பழைய மிக்ஸரை நான் விற்கவில்லை. இரண்டு கீபோர்டும் ஒரு டிரம் மெஷினும் எப்போதும் அதில் செருகியே இருக்கின்றன. கணினியைத் திறக்காமல் பழக வேண்டுமென்றால் அதை மட்டும் போட்டுக்கொள்கிறேன். பதிவு செய்யும்போது அதன் மெயின் அவுட் இன்டர்ஃபேஸின் 7, 8-ஆவது லைன் இன்புட்டுக்குப் போகிறது, ஒரு நேரத்தில் ஒரு கீபோர்டு மட்டும். மைக் எதுவும் அதன் வழியாகப் போவதில்லை.